போர் மூள்வதும் அமைதி நிலைப்பதும்: விடைகளின் வரலாறு

போர் ஏன் மூள்கிறது என்ற கேள்விக்கு எழுத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு வாய்க்கால் தகராறு. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இராக்கின் தென்பகுதியில், லகாஷ், உம்மா என்னும் இரு நகர அரசுகள் தங்களுக்கு நடுவே கிடந்த விளைநிலத்துக்கும் அதற்குப் பாயும் நீருக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டன. லகாஷ் மன்னன் எயன்னாதும் வென்றபின் நாட்டிய வெற்றிக்கல், உடைந்த துண்டுகளாகப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு துண்டில் வெட்டுண்ட தலைகளைக் கழுகுகள் கவ்விப் பறக்கின்றன. இன்னொன்றில் பகைவரை வலைக்குள் அள்ளிப் பிடித்தபடி ஒரு தெய்வம் நிற்கிறது. இனி எல்லை தாண்ட மாட்டேன் என்று உம்மாவின் அரசன் தெய்வங்களின் பெயரால் செய்துகொடுத்த சத்தியமும் அதே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அந்தச் சத்தியம் நிற்கவில்லை. பின்வந்த லகாஷ் மன்னர்களின் களிமண் ஆவணங்கள் அதே நிலத்துக்காக மறுபடி நடந்த போர்களைச் சொல்கின்றன.

போரையும் அமைதியையும் ஆராயும் துறையின் மூன்று அடிப்படைக் கேள்விகளும் அந்தக் கல்லில் அடங்கியிருக்கின்றன. பகைக்கு வித்து எது? பகை இருந்தும் பேசித் தீர்க்காமல் ஆயுதம் எடுக்கவைப்பது எது? ஓய்ந்த போர் திரும்பவும் மூளாமல் காப்பது எது? போரின் காரணம் பற்றிய விவாதத்தில் எதிரெதிராக நிற்பவர்கள் பல நேரங்களில் இம்மூன்றில் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விவாதம் முடிவில்லாமல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய விடைகள்

ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431இல் தொடங்கிய போரின் வரலாற்றை எழுதிய தூசிடைடிஸ், வெளியே பேசப்பட்ட புகார்களையும் உள்ளே இருந்த மெய்யான காரணத்தையும் பிரித்துப் பார்த்தார். ஏதென்சின் வளர்ச்சியும் அதைக் கண்டு ஸ்பார்ட்டா கொண்ட அச்சமுமே மெய்க்காரணம் என்பது அவர் முடிவு. அச்சத்தை ஒரு காரணமாக நிறுத்தியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு. யாருக்கும் போர் வேண்டாம் என்ற நிலையிலும் அச்சம் மட்டுமே இரு தரப்பையும் களத்துக்கு இழுத்துவிடலாம் என்ற பிற்காலச் சிந்தனை இங்கிருந்து கிளைத்தது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் காரணத்தை வரைபடத்தில் தேடியது. எல்லையை ஒட்டிய அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வேறொரு வழியில் போகிறது. அது போரை நோக்கத்தின்படி வகுக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி, அரணை முற்றுவது உழிஞை, வலிமையைக் காட்டுவதையே பொருளாகக் கொண்டு பொருவது தும்பை. பொருளுக்காக நடக்கும் போரும் பெருமைக்காக நடக்கும் போரும் ஒன்றல்ல என்ற தெளிவு இதில் இருக்கிறது. இன்றைய ஆய்வுகள் பலவற்றில் அந்தத் தெளிவு இல்லை. சமாதானம் பேசுபவரின் இடமும் சங்கப் பாடல்களில் உண்டு. உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, இடையில் நின்று பேசிய கோவூர் கிழார் நீதியையோ அருளையோ முன்வைக்கவில்லை. இருவரும் சூடியது சோழரின் ஆத்திமாலையே என்பதைக் காட்டி, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று வாதாடினார். இழப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும் வாதம் அது.

போரை நடத்தியவனே அதன் கணக்கைக் கல்லில் பொறித்தது அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லி அது வருந்துகிறது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தவுளி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஆணைகள் அங்கே வெட்டப்பட்டன. வென்றவனின் வருத்தம் தோற்றவர் கண்ணில் படும் இடத்தில் எழுதப்படவில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கம் தருகிறார்கள். எந்த விளக்கமானாலும், போருக்குப் பிந்தைய ஒப்புரவின் சிக்கல் அந்த இரண்டு பாறைகளில் தெரிகிறது.

மனித இயல்பு என்ற விடை

போர் இரத்தத்தில் ஊறியது என்பது மக்களிடையே செல்வாக்கு மிக்க விடை. 1932இல் ஐன்ஸ்டைன் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதிய சிக்மண்ட் ஃபிராய்டு, அழிக்கும் உந்துதல் மனித உள்ளத்தில் நீங்காமல் இருப்பது என்றார். பண்பாட்டு வளர்ச்சியும் மனிதரிடையே உணர்வுப் பிணைப்பும் அதைத் தணிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தக் கடிதங்கள் நூலாக வந்தது ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல். மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1940இல் நேர் எதிராக வாதிட்டார். போர் என்பது எழுத்தைப் போல, திருமண முறையைப் போல மனிதர் கண்டுபிடித்த ஒன்று, உயிரியல் கட்டாயம் அன்று என்றார்.

தொல்லியல் இரு பக்கத்துக்கும் சான்று தருகிறது. சூடானின் வடக்கே ஜெபல் சஹாபா இடுகாட்டில் 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 61 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2021இல் வெளியான மறு ஆய்வு, அவற்றுள் 41இல் காயத் தழும்புகளைக் கண்டது. பல காயங்கள் ஆறிப்போனவை. எனவே ஒரே நாளில் நடந்த படுகொலையைக் காட்டிலும், ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு நடந்த தாக்குதல்களே அங்கே நிகழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். கென்யாவின் நட்டாருக்கில் கிடைத்த சுமார் 10,000 ஆண்டு பழமையான எச்சங்களைக் குறித்தும் இதே போன்ற விவாதம் உண்டு. மறுபுறம், கற்கால எச்சங்களில் பெரும்பாலான இடங்களில் கூட்டு வன்முறையின் தடமே இல்லை என்பதை எதிர்த்தரப்பினர் சுட்டுகின்றனர்.

இயல்பு என்ற விடையின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறுகிற ஒன்றை விளக்க முடியாது. ஸ்வீடன் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே கலக்கிய படைநாடு. 1814க்குப் பின் அது போரில் இறங்கியதில்லை. ஸ்வீடன்காரர்களின் இயல்பு இடையில் மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பொருளாதாரமும் ஆட்சிமுறையும்

1902இல் ஜே. ஏ. ஹாப்சன், உள்நாட்டில் செலவாகாத மூலதனம் வெளிச்சந்தை தேடுவதே பேரரசுப் போட்டிக்குக் காரணம் என்றார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது லெனின் அதை முதலாளித்துவத்தின் தவிர்க்க முடியாத கட்டமாக்கினார். இதே கேள்விக்குக் காந்தியப் பொருளியலும் ஒரு விடை கண்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, தொலைதூரத்து மூலப்பொருளையும் தொலைதூரத்துச் சந்தையையும் நம்பி நடக்கும் பேருற்பத்தி, அவற்றைக் காக்கப் படையையும் வைத்திருந்தே தீரவேண்டும் என்று வாதிட்டார். வாங்கும் பொருளோடு சேர்ந்தே அதன் பின்னுள்ள வன்முறையும் வீட்டுக்குள் வருகிறது என்ற அவர் கருத்தை அமைதி ஆய்வு நூல்கள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

வணிகம் போரை அர்த்தமற்றதாக்கிவிட்டது என்ற எதிர்வாதத்தை 1910இல் நார்மன் ஏஞ்சல் பரப்பினார். நான்கே ஆண்டில் போர் வந்தது. ஏஞ்சல் போர் நடக்காது என்று சொல்லவில்லை, நடந்தால் வென்றவருக்கும் இலாபமில்லை என்றே சொன்னார். ஆயினும் 1914 அவருடைய தரப்பை நெடுங்காலம் நலிவுறச் செய்தது. இலாபமில்லாத போரும் மூளும் என்பதை ஹாப்சன், லெனின் தரப்பும் சரிவர விளக்கியதில்லை. பொருளாசை போர்கள் சிலவற்றில் தெளிவாகத் தெரிகிறது, பலவற்றில் தெரிவதில்லை.

ஆட்சிமுறையைக் காரணமாக்கியவர் இமானுவேல் காண்ட். 1795இல் வந்த அவருடைய நிலையான அமைதி பற்றிய சிறுநூலின் தலைப்பு, டச்சு விடுதிக்காரர் ஒருவரின் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தது. பலகையில் வரைந்திருந்தது ஓர் இடுகாடு. போரின் சுமையைத் தாங்கப்போகும் குடிமக்களே போரை முடிவுசெய்யும் நாட்டில், போருக்கு எளிதில் ஒப்புதல் கிடைக்காது என்பது காண்ட்டின் வாதம். 1980களில் மைக்கேல் டாயில் இதை மீட்டெடுத்தார். மக்களாட்சி நாடுகள் தமக்குள் போரிடுவது மிக அரிது என்ற புள்ளிவிவரம் இத்துறையின் உறுதியான கண்டறிதல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆனால் அதே நாடுகள் மற்ற நாடுகளோடு தாராளமாகப் போரிட்டிருக்கின்றன. 1999இல் கார்கிலில் மோதிய இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளே இருந்தன. மக்களாட்சிக்குப் புதிதாக மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில் ஆபத்து கூடுகிறது என்று மான்ஸ்ஃபீல்டும் ஸ்னைடரும் காட்டினர். 1990களின் யூகோஸ்லாவியா அதற்கு நெஞ்சை உலுக்கும் சான்று.

எண்ணிப் பார்த்தவர்

போரை எண்ணிக்கையால் ஆராய முடியும் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் தனித்து நிற்கிறார். குவேக்கர் சமயத்தவரான இந்த ஆங்கிலேய வானிலை அறிஞர், முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் கையாலேயே வானிலையைக் கணக்கிட்டார். பிரிட்டன் வானிலைத் துறையை 1920இல் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தபோது, தன் கணிதம் படைத்தேவைக்குப் பயன்படக்கூடாது என்று வேலையை விட்டார்.

பின்னர் 1820 முதல் நடந்த மோதல்களைத் திரட்டி, கொல்லப்பட்டோர் எண்ணிக்கையின்படி அடுக்கினார். தனிக்கொலையிலிருந்து உலகப்போர் வரை ஒரே அளவுகோலில் வைத்தார். கண்டவை பலருக்கும் பிடிக்காதவை. ஒரே மொழி பேசுவது போரைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆயுதப் போட்டிக்குப் பின் மூண்ட போர்கள் சிறுபான்மை. போர்கள் தொடங்கும் காலங்களோ ஏறத்தாழத் தற்செயல் நிகழ்வுகளைப் போலவே சிதறிக் கிடந்தன. அண்டை நாடுகள் அதிகமாக உள்ள நாடு அதிகப் போர்களில் சிக்குகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கௌடில்யருக்கு இது வியப்பாக இருந்திராது.

எல்லைகளைப் பற்றிய இந்த வேலையில்தான் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லையின் நீளம் ஒரு நூலில் 987 கி.மீ., இன்னொன்றில் 1,214 கி.மீ. அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போவதை அவர் கண்டார். பிற்காலத்தில் மாண்டல்பிராட் இதிலிருந்து கணிதத்தின் ஒரு புதுக் கிளையையே வளர்த்தார். ரிச்சர்ட்சன் 1953இல் இறந்தார். அவருடைய முக்கியப் போர் நூல்கள் 1960இல்தான் அச்சேறின. குவின்சி ரைட் 1942இல் வெளியிட்ட பெருநூலும், 1963இல் மிச்சிகனில் டேவிட் சிங்கர் தொடங்கிய தரவுத் திட்டமும், உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் பதிவேடும் இதே வழியில் வந்தவை. சிங்கரின் திட்டம் 1,000 களச்சாவு இருந்தால்தான் போர் என்றது. உப்சாலா ஆண்டுக்கு 25 சாவிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவுகளும் மாறுகின்றன.

பேச்சு முறியும் இடம்

1995இல் ஜேம்ஸ் ஃபியரன் கேள்வியையே மாற்றிப் போட்டார். போர் இரு தரப்புக்கும் நட்டம். போருக்குப் பின் எட்டப்போகும் பங்கீட்டை முன்கூட்டியே பேசி எட்டினால் உயிரும் பொருளும் மிஞ்சும். அப்படியிருந்தும் பேச்சு ஏன் முறிகிறது? அவர் சொன்ன விடைகளில் இரண்டு முக்கியமானவை. தன் வலிமையையும் உறுதியையும் ஒவ்வொரு தரப்பும் மறைக்கிறது அல்லது மிகைப்படுத்துகிறது. அதனினும் ஆழமானது, இன்று கொடுத்த வாக்கை நாளை வலுப்பெற்ற பின் எதிர்த்தரப்பு காப்பாற்றும் என்று நம்ப வழியில்லாமை.

முதல் உலகப்போருக்கு இட்டுச்சென்ற 1914 ஜூலையை இந்தக் கண்ணோட்டத்தில் படிப்பது பயன் தருகிறது. வேண்டுமென்றே ஜெர்மனி மூட்டியது என்று 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் வாதிட்டார். எல்லாத் தலைநகரங்களும் தூக்கத்தில் நடப்பவர் போலப் போருக்குள் சென்றன என்று 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் எழுதினார். ஆகஸ்டு 1ஆம் தேதி, பிரான்சை விட்டுவிட்டு ரஷ்யாவை நோக்கி மட்டும் படையைத் திருப்ப முடியுமா என்று ஜெர்மன் பேரரசர் கைசர் கேட்டார். பல்லாயிரம் இரயில் பயணங்களாக வகுத்த திட்டத்தை ஓர் இரவில் மாற்ற இயலாது என்று தளபதி மோல்ட்கே மறுத்தார். இரயில்வே பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தளபதி ஒருவர், அது முடிந்திருக்கும் என்று பின்னாளில் ஒரு நூலே எழுதினார். முந்திக்கொள்பவனுக்கே வெற்றி என்ற நம்பிக்கை பேச்சுக்கு நேரமே இல்லாமல் செய்துவிட்டது.

வாக்கு நம்பப்படாமையின் சிக்கல் உள்நாட்டுப் பகைமைகளில் இன்னும் கூர்மையாகிறது. இலங்கையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் நடத்திய போராட்டத்தின் நடுவே 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் ஏற்பட்ட ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. இரண்டு முறையும் பேச்சு வெற்றி பெற்றது, வாக்கு தோற்றது. அடுத்த தலைமுறை பேச்சையே நம்பாமல் போனதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

பேராசையா, மனக்குறையா?

பனிப்போர் முடிந்தபின் உலகில் நடந்த போர்களில் பெரும்பாலானவை ஒரே நாட்டுக்குள் நடந்தவை. பால் கோலியரும் ஆங்கி ஹோஃப்லரும், கிளர்ச்சிக்குக் குறைகளைவிட வைரம், எண்ணெய் போன்ற கொள்ளைக்குரிய வளங்களே அதிகம் துணைபோகின்றன என்றனர். சியரா லியோன் அவர்களின் எடுத்துக்காட்டு. 1945 முதல் 1999 வரையிலான 127 உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த ஃபியரனும் லெய்ட்டினும், இன வேறுபாடு அதிகம் என்பதால் போர் வருவதில்லை, வறுமையும் வலுவற்ற அரசும் மலைப்பாங்கான நிலமும் சேர்ந்தால் வருகிறது என்றனர்.

இந்த முடிவுகளில் ஓர் ஓட்டை இருந்தது. எத்தனை இனங்கள் உள்ளன என்று எண்ணினார்களே தவிர, அவற்றுள் எது ஆட்சியிலிருந்து விலக்கப்பட்டது என்று பார்க்கவில்லை. செடர்மன், விம்மர், மின் ஆகியோர் 2010இல் அதைக் கணக்கில் சேர்த்ததும் படம் மாறியது. அதிகாரத்தில் பங்கு மறுக்கப்பட்ட குழுக்கள், குறிப்பாக முன்பு இருந்த பங்கை இழந்த குழுக்கள், கிளர்ந்தெழ வாய்ப்பு மிகுதி என்று தெரிந்தது. எழுத்தறிவிலும் ஆயுள் நீளத்திலும் தெற்காசியாவில் முன்னணியில் நின்ற இலங்கையில், 1956இன் மொழிச்சட்டமும் 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல்களும் தாண்டி மூண்ட போரை வறுமை வாதத்தால் விளக்கவே முடிந்ததில்லை. விலக்கல் வாதத்துக்குள் அது பொருந்துகிறது. ஆனால் விலக்கப்பட்ட எல்லாக் குழுக்களும் ஆயுதம் எடுப்பதில்லை. எது எடுக்கும், எப்போது எடுக்கும் என்பதற்கு இந்த வாதத்திடமும் விடை இல்லை.

அமைதியைக் கட்டுதல்

1959இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய யோஹான் கால்டுங், துப்பாக்கிச் சத்தம் ஓய்வதை எதிர்மறை அமைதி என்றும், நீதி நிலவும் வாழ்வை நேர்மறை அமைதி என்றும் பிரித்தார். தடுக்கக்கூடிய நோயாலும் பசியாலும் ஒருவர் சாவதும் வன்முறையே என்ற அவருடைய அமைப்புசார் வன்முறைக் கருத்து 1969இல் வந்தது. கென்னத் போல்டிங் இதை மறுத்தார். வறுமையும் போரும் இரண்டும் கொடியவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல, ஒரே பெயரில் அடைத்தால் எதையும் தனித்து ஆராய முடியாது என்றார். போல்டிங்கின் எச்சரிக்கை ஆய்வுமுறைக்குத் தேவை. கால்டுங்கின் பகுப்போ, போர் ஓய்ந்த நிலங்களில் வாழ்பவர்களின் அனுபவத்துக்கு நெருக்கமானது.

ஐ.நா. அமைதிப்படை பயன்படுகிறதா என்பது பற்றி ஓரளவு திடமான விடை உண்டு. கடினமான இடங்களுக்கே படைகள் அனுப்பப்படுகின்றன என்பதைக் கணக்கில் எடுத்தபின், அவை இருக்கும் இடங்களில் போர் திரும்புவது குறைகிறது என்று வர்ஜீனியா ஃபோர்ட்னா 2008இல் காட்டினார். ஆனால் 1994இல் இனப்படுகொலை நடந்த ருவாண்டாவிலும், 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சாவிலும் அந்தப் படை கண்ணெதிரே இருந்தது. சராசரி சொல்லும் ஆறுதல் அந்த இடங்களுக்கு எட்டுவதில்லை. கிழக்குக் காங்கோவில், தலைநகரத்து ஒப்பந்தங்களில் மட்டும் கவனம் வைத்த வெளிநாட்டார், ஊர்மட்டத்து நிலத் தகராறுகளைக் காணத் தவறினர் என்று செவெரின் ஓட்டெஸ்ஸேர் எழுதியதும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியது.

உள்நாட்டுப் போரைப் பேசி முடிப்பதில் மிக ஆபத்தான கட்டம் ஆயுதத்தை ஒப்படைப்பது என்று பார்பரா வால்ட்டர் சொல்கிறார். ஒப்படைத்தவர் அதன்பின் எதிரியின் வாக்கை மட்டுமே நம்பி வாழவேண்டும். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10இல் ஒப்பந்தம் ஆனது, அங்கு நடந்த வாக்கெடுப்பில் 71 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக்குழுவின் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதாக அறிவிக்க 2005 செப்டம்பர் ஆனது. எதிர்த்தரப்பு புகைப்படம் கேட்டது. அது சரணடைந்த காட்சியாகிவிடும் என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. கடைசியில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும், பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவோடு நின்று கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். யாரையும் சிறுமைப்படுத்தாமல் வாக்கை மெய்ப்பிக்க ஒரு வழி அங்கே அமைந்தது. கொலம்பியாவில் 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் அமைதி ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. திருத்தப்பட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயுதம் துறந்தவர்களும் ஊர்த் தலைவர்களும் பிறகு நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். வால்ட்டர் சுட்டிய ஆபத்து அதுவே.

விடை காணாதவை

போர் குறைந்து வருகிறதா என்பதிலேயே உடன்பாடு இல்லை. நீண்ட காலப் போக்கில் வன்முறை சரிகிறது என்று 2011இல் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னான அமைதி தற்செயலா, உண்மையான மாற்றமா என்று புள்ளியியலால் சொல்ல இன்னும் 100 முதல் 140 ஆண்டு பொறுக்கவேண்டும் என்று ஆரன் கிளாசெட் 2018இல் கணக்கிட்டார். 2022இல் எத்தியோப்பியாவின் திக்ரேயும் உக்ரைனும் சாவு எண்ணிக்கையை மேலே தள்ளின. வறட்சியும் வெப்பமும் போரைத் தூண்டுமா என்பதும் அப்படியே. சிரியாவின் 2011 எழுச்சிக்கு முன்வந்த வறட்சியைக் காரணமாக்கிய ஆய்வுக்கு வலுவான மறுப்பு வந்திருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் செய்துகொண்ட சிந்து நீர் ஒப்பந்தம் 1965, 1971 போர்களையும் தாண்டி நின்றதால், நீர் பகையைவிட உடன்பாட்டையே வளர்க்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டானது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தபின் அந்த எடுத்துக்காட்டை முன்போல எழுத முடியாது.

வெற்றியால் முடிந்த போர் நீடித்த அமைதி தருகிறதா, உடன்பாட்டால் முடிந்ததா என்பது இன்னொன்று. வெற்றியால் முடிந்தவை திரும்ப மூள்வது குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் போர் மூளாமை மட்டுமே அளவுகோல். தரவுப் பட்டியல்களில் இலங்கைப் போர் 2009 மேயில் முடிந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில், தாய்மார் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துச் சாலையோரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துபோனார்கள். அந்த ஆண்டுகளை எந்தப் பத்தியில் பதிவது என்பதற்கு இத்துறையிடம் இன்றுவரை ஒத்துக்கொண்ட முறை இல்லை.